குச்சிக்கிழங்கு மாவும் ஹைப்போ கரைசலும்

ஏற்காடு ஏரித் தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு, பிளீச்சிங் பவுடரில் குளோரின் எவ்வளவு, சமையல் உப்பில் அயோடின் எவ்வளவு: மூன்றுக்கும் பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) ஊற்றுவது சோடியம் தயோசல்பேட்தான். ஆய்வகங்களில் ‘ஹைப்போ’ என்பார்கள். மூன்றிலும் வேதிவினைகள் மூலம் அயோடினை வெளியே கொண்டுவருகிறோம். அதை ஹைப்போ மீண்டும் அயோடைடாக்குகிறது. எத்தனை மில்லி செலவானது என்பதிலிருந்து விடை. ஆகவே ஹைப்போவின் செறிவில் 2 சதவீதம் பிசகினால் விடையும் 2 சதவீதம் பிசகும்.

0.1 நார்மல் (செறிவின் அலகு) கரைசலுக்கு 24.8 கிராம் படிகத்தை நிறுத்து ஒரு லிட்டராக்கிவிட்டால் போதாதா? போதாது. படிகத்தில் ஒவ்வொரு தயோசல்பேட் அலகோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. மூடி இறுகாத பாட்டில் சித்திரை மாதச் சேலத்தின் வறண்ட காற்றில் இருந்தால், அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, பளபளத்த படிகத்தின் மேல் வெள்ளை மாவு பூக்கும். தராசு சரியாகத்தான் காட்டும். ஆனால் அதே எடையில் உப்பு கூடுதலாக வந்துவிடும்.

கரைத்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடின் லேசான அமிலத்தன்மையே அதைச் சிதைத்துக் கந்தகத்தைப் பிரிக்கும். கந்தகத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் உண்டு. அதனால்தான் கொதிக்கவைத்து ஆறவைத்த காய்ச்சி வடித்த நீர், லிட்டருக்கு 0.1 கிராம் சோடியம் கார்பனேட், பழுப்பு நிற பாட்டில்.

செறிவைக் கண்டுபிடிக்க, உலர்த்தி நம்பிக்கையோடு நிறுக்கக்கூடிய பொட்டாசியம் டைகுரோமேட் வேண்டும். 0.1 நார்மலுக்கு லிட்டருக்கு 4.903 கிராம். இதில் 20 மில்லியைப் பிப்பெட்டில் எடுத்து, பொட்டாசியம் அயோடைடும் நீர்த்த அமிலமும் சேர்த்து, குடுவையை மூடி ஐந்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சத்தில் விட்டால் காற்றின் ஆக்சிஜனும் அயோடைடிலிருந்து அயோடினைக் கிளப்பிவிடும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி அமிலத்தைத் தணித்து, ஹைப்போவைச் சொட்டவிடலாம்.

கரும்பழுப்பு மெல்ல வெளுத்து, பச்சை கலந்த வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்போதுதான் ஸ்டார்ச். சேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குச்சிக்கிழங்கிலிருந்து, அதாவது மரவள்ளியிலிருந்து, பிழிந்தெடுக்கும் அதே ஸ்டார்ச் இங்கே நிறங்காட்டி. அதிலுள்ள அமைலோஸ் சங்கிலி பேனா ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாக நுழைந்து உட்கார்ந்தால் அடர்நீலம். ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். கஞ்சியைச் சூடாக்கினால் நீலம் போய்விடும், ஆறினால் திரும்பும். எனவே சூடான கரைசலில் இந்தச் சோதனை செய்யக்கூடாது.

அயோடின் நிறைய இருக்கும்போதே ஸ்டார்ச்சை ஊற்றுவதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் அவசரம். சுருளுக்குள் இறுகிய அயோடின் லேசில் வெளிவராது. நீலம் தயங்கித் தயங்கி மறையும், முடிவு நிலையைத் தாண்டிவிடுவோம். வைக்கோல் நிறத்தில் சேர்த்தால் ஒரே சொட்டில் நீலம் போய் வெளிர்பச்சை தெளியும். அந்தப் பச்சை குரோமியத்தினுடையது. நிறமே இல்லாமல் போகும் என்று காத்திருக்கக்கூடாது. ஸ்டார்ச் கரைசலை அன்றன்றே காய்ச்சிக்கொள்வது நல்லது. கெட்டுப்போனால் நீலத்துக்குப் பதில் செவ்வூதா தெரியும்.

20 மில்லி டைகுரோமேட்டுக்கு 20.4 மில்லி ஹைப்போ செலவானால், செறிவு 20 × 0.1 ÷ 20.4, அதாவது 0.098 நார்மல். பாட்டிலில் எழுத வேண்டியது இந்த எண்தான், தேதியோடு.

ஏரித் தண்ணீரின் ஆக்சிஜனை அளக்க, ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-ல் வெளியிட்ட முறை. 0.025 நார்மல் ஹைப்போ, 200 மில்லி மாதிரி என்று வைத்தால், செலவாகும் ஒவ்வொரு மில்லியும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 20 டிகிரியில் கடல் மட்டத்தில் 9.1 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், காற்றழுத்தம் குறைந்த இங்கே ஏறக்குறைய 7.6-லேயே நின்றுவிடும். பியூரெட் 7.0 மில்லி காட்டும்போது, 0.098 கரைசலை 0.1 என்று நம்பி நான்கு மடங்கு நீர்க்கவைத்து 0.025 என்று எடுத்துக்கொண்டிருந்தால், உண்மையான அளவு 6.86 தான். வாரங்கள் கடந்த பாட்டிலென்றால் மலையேறும் முன் மறுபடி ஒருமுறை டைகுரோமேட்டோடு தரம் பார்த்துவிட வேண்டும்.