நிலக்கரிக் கப்பலை நிறுக்கும் கண்ணாடிக் குழாய்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு ஒடிசாவின் பாரதீப்பிலிருந்து நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. ஒரே கப்பலில் ஐம்பதாயிரம் டன்னுக்கு மேலும் இருக்கும். அத்தனையையும் எந்த எடைமேடையில் ஏற்றுவது? அதனால் கப்பலையே தராசாக்கி நிறுக்கும் வழக்கம் உண்டு. டிராஃப்ட் சர்வே என்பார்கள்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் என இரு பக்கமும் ஆறு இடங்களில் மூழ்கு ஆழக் குறிகள் எழுதியிருக்கும். சர்வேயர் அவற்றைப் படிப்பார். எந்த ஆழத்துக்கு எத்தனை டன் நீர் விலகும் என்பது கப்பலின் அட்டவணையில் இருக்கிறது. சரக்கை இறக்குமுன் ஒரு அளவு, இறக்கியபின் ஒரு அளவு. வித்தியாசத்தில் எரிபொருளும், கப்பல் நிலையாக மிதக்க அதன் தொட்டிகளில் நிரப்பும் பாலாஸ்ட் தண்ணீரும் மாறியதைச் சரிக்கட்டினால் நிலக்கரியின் எடை வந்துவிடும்.

சிக்கல் கடல்நீரில்தான். அந்த அட்டவணை, ஒரு லிட்டர் கடல்நீர் 1.025 கிலோ என்று வைத்துப் போட்டது. சென்னைக் கடல் ஆண்டு முழுக்க அப்படி இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை ஆறு எண்ணூர் கழிமுகத்தில் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும். அதே மாதங்களில், வங்கக் கடலின் வடபகுதியில் பெரிய ஆறுகள் சேர்த்த உப்புக் குறைந்த நீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே இழுத்து வரும். நீர் 1.020க்கு இறங்கியிருக்கும் நாளில் 1.025 என்றே கணக்குப் போட்டால், 55,000 டன் சரக்கில் இல்லாத 268 டன் ஏறிவிடும். இந்தப் பிழையைத் தடுப்பது ஹைட்ரோமீட்டர் என்கிற சின்னக் கண்ணாடிக் குழாய்.

கீழே எடை வைத்த குமிழ், மேலே மெல்லிய தண்டு, தண்டுக்குள் அளவுகோல். இவ்வளவுதான் கருவி. அது 60 கிராம் இருந்தால் நன்னீரில் 60 கன செ.மீ. அளவுக்கு மூழ்கும். 1.025 அடர்த்தியுள்ள கடல்நீரில் 58.5 கன செ.மீ. மூழ்கினாலே அதன் எடையைத் தாங்கப் போதும். மிச்ச ஒன்றரை கன செ.மீ. தண்டிலிருந்துதான் வெளியே வர வேண்டும். தண்டின் விட்டம் 5 மி.மீ. என்றால் அது சுமார் ஏழரை செ.மீ. உயரம்! தண்டு மெலிய மெலியக் கருவி நுட்பமாகும். அடர்த்தியான நீரில் கருவி மேலெழும்புவதால் பெரிய எண்கள் அடியிலும் சிறிய எண்கள் உச்சியிலும் இருக்கும்.

இங்கே 0.001 வித்தியாசத்துக்குத் தண்டில் 3 மி.மீ.தான் இடம். அதைத் தவறவிட்டால் சுமார் 54 டன் பிசகும். ஆகவே படிக்கும் முறை முக்கியம். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. குமிழில் ஒட்டிய காற்றுக் கொப்புளம் கருவியைத் தூக்கிவிடும். லேசாகச் சுழற்றிவிட்டால் அது கழன்றுவிடும். கருவியும் நீர் ஊற்றிய ஜாடியின் சுவரில் உரசாது. கண்ணை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து மெல்ல உயர்த்தினால், நீள்வட்டமாகத் தெரியும் நீர்ப்பரப்பு ஒற்றைக் கோடாகும். அந்தக் கோடு வெட்டும் எண்தான் அளவு. தண்டோரம் ஏறி நிற்கும் நீரின் விளிம்பைப் படிக்கக் கூடாது.

நன்னீர் மேலே மிதக்கும் என்பதால், கப்பலின் மூழ்கு ஆழம் வரை பல மட்டங்களில் நீர் எடுக்க வேண்டும். மேல்நீரை மட்டும் ஒரு வாளி மொண்டு அளப்பது வீண் வேலை.

நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் 'கிராவிட்டி', அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்ப்பதும் இதே கருவியால்தான். ஆனால் வெப்பநிலை விஷயத்தில் முறை மாறும். பேட்டரியில் நாம் அறிய விரும்புவது ஆசிட்டின் செறிவு. சூட்டில் ஆசிட் விரிந்து, அளவு குறைத்துக் காட்டும். அதனால் 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டும். மே மாதத்தில் ஆசிட் 40 டிகிரியில் 1.230 காட்டினால் உண்மையில் அது 1.239. கப்பலுக்கு இந்தத் திருத்தம் போடக் கூடாது. கப்பல் மிதப்பது அந்த வெதுவெதுப்பான நீரிலேயே என்பதால், எடுத்த நீரை ஆறுமுன் அளந்து, கண்ட எண்ணை அப்படியே எழுத வேண்டும்.