பிளாசா நிரம்பி வழிகிறது, எதிரே மால் காற்று வாங்குகிறது: ஏன்?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மால், பாதிக் கடைகள் மூடிக் கிடக்கின்றன. எதிரே பழைய பிளாசா. கொத்துரொட்டிக் கடை, நகைக்கடை, பல் டாக்டர், வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர் என்று வரிசையாக இருப்பார்கள். குளிர்காலத்தில் பனியில் வழுக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் அங்கே ஒரு கடைகூடக் காலி இல்லை. இது எப்படி?"

அவர் சொல்லும் பிளாசாவைத்தான் அமெரிக்காவில் ஸ்ட்ரிப் மால் என்பார்கள். சாலையோரமாக நேர்வரிசையிலோ 'ட' வடிவிலோ கடைகள், முன்னால் கார் நிறுத்த இடம், ஒவ்வொரு கடைக்கும் வெளியே திறக்கும் தனிக் கதவு. 1930இல் வாஷிங்டனின் கிளீவ்லண்ட் பார்க் பகுதியில் கட்டிய 'பார்க் அண்ட் ஷாப்' இந்த வகையின் ஆரம்பகால உதாரணம். 'ட' வடிவம், முன்னால் கார்கள், எல்லாம் அப்போதே இருந்தன. நான்கு பக்கமும் மூடி, உள்ளே முழுக்க ஏசி செய்த மால் 26 வருஷம் கழித்து வந்தது. 1956 அக்டோபரில் மின்னசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் திறந்த சவுத்டேல். வடிவமைத்தவர் விக்டர் க்ரூன், வியன்னாவில் பிறந்து 1938இல் அமெரிக்காவுக்கு வந்தவர். ஈடைனாவில் ஜனவரி மாதம் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பதெல்லாம் சகஜம். சவுத்டேலுக்குள்ளே வருஷம் முழுக்கச் சுமார் 24 டிகிரி. கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியமில்லை.

கூரையையும் ஏசியையும் மட்டும் வித்தியாசமாக எடுத்துக்கொண்டால் விஷயம் பிடிபடாது. ஒரு ஸ்ட்ரிப் மாலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஜன்னல் இல்லாத நீளச் சுவர், கடைக்கொன்றாக இரும்புக் கதவு, குப்பைத் தொட்டி, வரிசையாக மின்சார மீட்டர்கள். மொட்டைமாடியில் கடைக்கொன்று என்று ஏசிப் பெட்டிகள். அதாவது, ஒரே கட்டடம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு கடையும் தனிக்குடித்தனம். பல் டாக்டர் ஆறு மணிக்குப் பூட்டலாம், சாப்பாட்டுக் கடை நள்ளிரவு வரை அடுப்பெரிக்கலாம். ஒருவரால் இன்னொருவருக்குத் தொல்லையில்லை.

மூடிய மாலில் நடைபாதையே ஏசிக்குள் இருப்பதால் கடைக்குக் கதவே தேவையில்லை. முகப்பு முழுவதையும் திறந்து வைக்கலாம். நடந்துகொண்டே எட்டிப் பார்ப்பவர் அப்படியே உள்ளே வந்துவிடுவார். ஆனால் அந்த நடைபாதைக்கு விளக்கு, ஏசி, துடைப்பவர், காவலாளி எல்லாம் வேண்டும், அதில் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும். அந்தச் செலவைக் கடைக்காரர்கள்தான் வாடகையோடு சேர்த்துப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே திறப்பு நேரம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

ஸ்ட்ரிப் மாலின் வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார்? சாலையிலிருந்து. போகிற காரிலிருந்து பலகையைப் பார்த்து வண்டியைத் திருப்புகிறார், கடை வாசலிலேயே நிறுத்துகிறார், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறார். அதனால்தான் இங்கே சாலையின் எந்தப் பக்கம் என்பதுகூட முக்கியம்: காபிக் கடைக்குக் காலையில் வேலைக்குப் போகிற பக்கம், மளிகைக்கு மாலையில் வீடு திரும்புகிற பக்கம்.

மூடிய மாலுக்குள் இருக்கும் சின்னக் கடையின் பலகை சாலையில் தெரியாது. அதற்கு ஆள் எப்படி வரும்? பழைய மாலின் தரைப்படத்தைப் பாருங்கள். இரண்டு முனையிலும் இரண்டு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர், நடுவே நீண்ட நடைபாதை, அதன் இருபுறமும் சின்னக் கடைகள். அந்தப் பெரிய கடைகளுக்கு ஆங்கர் கடை என்று பெயர். ஒரு முனையில் நுழைந்தவர் மறுமுனைக்குப் போகும்போது செருப்புக்கடை, கண்ணாடிக்கடை, பிஸ்கட் கடை என எல்லாவற்றையும் தாண்டியே ஆக வேண்டும். கோயிலுக்கு வரும் கூட்டத்தால் வாசல் பூக்கடை பிழைப்பதைப் போலத்தான். சவுத்டேலில் கார் நிறுத்துமிடத்தையே இரண்டு மட்டத்தில் அமைத்து, கீழ்த்தளம், மேல்தளம் இரண்டுக்கும் நேரே வாசல் வைத்தார்கள். மாடிக் கடைக்கு ஆள் வராது என்ற புகாருக்கே இடமில்லை.

பூ விற்ற காசில் கோயிலுக்குப் பங்கு கிடையாது. மாலில் உண்டு. ஆங்கர் கடை தன் விளம்பரச் செலவில் கூட்டத்தை இழுத்து வருகிறது, பலன் பக்கத்துக் கடைக்கும் போகிறது. பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். தெருவில் இதற்கு யாரும் யாரிடமும் காசு கேட்க முடியாது. மொத்தக் கட்டடமும் ஒரே முதலாளியுடையது என்றால் முடியும். ஆங்கருக்கு ஒரு சதுர அடிக்கு அடிமாட்டு வாடகை. சின்னக் கடைக்குப் பல மடங்கு. போதாததற்கு, விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதிலும் ஒரு சதவீதம். பாஷிஜியன், கூல்ட் என்ற இருவர் 1998இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை அமெரிக்க மால்களின் வாடகைக் கணக்குகளை எடுத்து இதைத்தான் காட்டியது. வாடகைப் பட்டியலை உட்கார்ந்து அலசுவதெல்லாம் ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இன்னும் நாலு காசு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகர் கேள்விக்கான பதிலும் இந்த வாடகையில்தான் இருக்கிறது. சின்னக் கடைக்காரர் ஏமாளியில்லை. "ஆங்கர் போய்விட்டால் என் வாடகையைக் குறைக்க வேண்டும், அல்லது நான் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போவேன்" என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருப்பார். ஆன்லைன் வியாபாரம் வந்து டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் சாய ஆரம்பித்தபோது இந்த விதி வேலை செய்தது. ஆங்கர் போனது, கூட்டம் குறைந்தது, வாடகை சரிந்தது, சின்னவர்கள் கிளம்பினார்கள், நடைபாதையின் ஏசிச் செலவு மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது, அவர்களும் கிளம்பினார்கள். இப்படிக் காலியான மாலை ராசியில்லாத இடம் என்றும், வாஸ்து சரியில்லை என்றும் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தைப் புரட்டினால் காரணம் கிடைக்கும், எலுமிச்சம்பழம் செலவு மிச்சம்.

ஸ்ட்ரிப் மாலிலும் சூப்பர்மார்க்கெட் போனால் அடி விழும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொத்துரொட்டிக் கடைக்கு வருபவர் கொத்துரொட்டிக்காகவே வருகிறார். பல் வலிக்கும் ஆன்லைனில் தீர்வில்லை. வாடகையும் குறைவு என்பதால் புதிதாகக் குடியேறியவர் தன் சேமிப்பைப் போட்டுக் கடை தொடங்கக் கட்டுப்படியாகிறது. ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் பிளாசாக்களில் முளைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மால்கள் இவ்வளவு அதிகமாகப் பெருகியதற்குக் குளிரை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 1954இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதுக் கட்டடங்களின் தேய்மானத்தை, அதாவது பழசாகிக் குறையும் மதிப்பை, முதல் சில வருஷங்களிலேயே அதிகமாகச் செலவுக் கணக்கில் காட்ட அனுமதித்தது. கட்டினாலே வரி மிச்சம், கட்டித் தள்ளினார்கள். க்ரூன் நினைத்தது வேறு. மாலைச் சுற்றி வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சேர்ந்த ஊர்நடுவாக அது இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டார். நடந்தது கார்க் கடலுக்கு நடுவே ஒரு பெட்டி. மனம் வெறுத்து வியன்னாவுக்கே திரும்பிப் போனார், 1980இல் காலமானார்.

காலியான மால்கள் சிலவற்றின் கதி விசித்திரமானது. ஒஹாயோவின் ராண்டல் பார்க் மால் இடிக்கப்பட்டு, அங்கே அமேசான் கிடங்கு நிற்கிறது. வேறு சில இடங்களில் நடுவிலிருந்த நடைபாதைக் கூரையைப் பிரித்து, மிஞ்சிய கடைகளின் முகப்பை வெளிப்பக்கம் திருப்பி, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துத் தனித்தனிக் கதவு வைக்கிறார்கள்.