ஒயர்கட் உங்கள் வரைபடத்தைத் திருத்தாது

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றிலிருந்து சென்ற வாரம் என் பட்டறைக்கு வந்த உடைந்த பினியன் (கியர் ஜோடியில் சிறியது), இந்த அறுவடைப் பருவத்தில் இதே காரணத்தால் வந்த நான்காவது. பழத்தின் தோலை நீக்கும் பழைய பல்ப்பர் இயந்திரத்தின் 20 பல் பினியன் அது. சேலத்திலேயே ஒயர்கட்டில், அதாவது மெல்லிய கம்பியின் மின்பொறியால் உலோகத்தை அறுக்கும் இயந்திரத்தில், வெட்டிப் பூட்டியிருக்கிறார்கள். “ஓட்டின முதல் நாளே அலறுச்சுங்க சார்” என்றார் கொண்டுவந்த மேஸ்திரி. பறித்த பழத்தை அன்றன்றே தோல் நீக்காவிட்டால் புளித்துவிடும் என்பதால், அலறலோடேயே ஓட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் இரண்டு பற்கள் அடியோடு போய்விட்டன. மீதிப் பற்களை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பல்லின் பக்கம் முழுவதும் பரவியிருக்க வேண்டிய உராய்வுத் தடம், நுனியருகே நகத்தால் கீறியதுபோல ஒற்றைப் பளபளப்புக் கோடாக இருந்தது. வரைபடத்தை வாங்கித் திறந்தால், பல்லின் பக்கம் மூன்று புள்ளிகளைத் தொட்டு இழுத்த வெறும் வட்டவில்!

“பார்க்க கியர் மாதிரிதானே இருக்கிறது, மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும்” என்ற நினைப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஹாப் என்ற திருகு வடிவ வெட்டுக்கருவியால் பல் வெட்டும் ஹாப்பிங்கில் அது செல்லும். அங்கே ஹாப்பும் கியரும் இணைந்து சுழலும் சுழற்சியிலேயே, பல்லின் பக்கத்துக்கு வேண்டிய இன்வல்யூட் வளைவு (வட்டத்தில் சுற்றிய நூலை இறுக்கமாகப் பிரிக்கும்போது அதன் நுனி வரையும் கோடு) பிறக்கிறது. மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் மி.மீ. அளவு), பல் எண்ணிக்கை, அழுத்தக் கோணம் (பல் பல்லைத் தள்ளும் திசையின் சாய்வு) ஆகியவை அட்டவணையில் சரியாக இருந்தால், தாளில் பல்லை எப்படிக் கிறுக்கியிருந்தாலும் கேடில்லை. அதனால்தான் நம் முன்னோடி டிராஃப்ட்ஸ்மேன்கள் வட்டவில்லால் பல் வரைந்தும் கியர்கள் ஓடின. ஒயர்கட்டும் லேசரும் முப்பரிமாண அச்சும் அப்படியல்ல. நீங்கள் போட்ட கோட்டை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை அப்படியே பின்பற்றும் ஒயர்கட், உங்கள் பிழையையும் அதே துல்லியத்தில்தான் வெட்டித் தரும். மென்பொருளோடு வரும் ஆயத்த கியர்களையும் நம்பிவிடாதீர்கள்; அவற்றில் பல, அசெம்பிளியில் இடத்தைக் காட்டுவதற்கான தோராய வடிவங்கள் மட்டுமே.

ஆகவே இன்வல்யூட்டை நீங்களே வரைய வேண்டும்; சமன்பாட்டிலிருந்து வளைவு வரையும் வசதி பெரும்பாலான கேட் (கணினி வரைபட) மென்பொருட்களில் இருக்கிறது. கோணத்தை ரேடியனில் கொடுங்கள். டிகிரியில் கொடுத்துவிட்டு வளைவு எங்கோ ஓடுகிறது என்று என்னை அழைக்காதீர்கள். மாட்யூல் 4, 20 பல், 20 டிகிரி என்றால், விட்டக் கணக்கில், பிட்ச் வட்டம் (ஜோடிக் கியரோடு உருளும் கற்பனை வட்டம்) 80 மி.மீ., அடிவட்டம் 75.18 மி.மீ., வேர்வட்டம் 70 மி.மீ. இன்வல்யூட் அடிவட்டத்தில்தான் தொடங்கும். அதற்குக் கீழே வேர் வரை அதை நீட்ட முடியாது. அந்த இடத்தைக் கூர்மூலையாக விட்டால் பல் அங்கேதான் முறியும் என்பதால், வளைவான ஃபில்லட் கட்டாயம் வேண்டும். 20 டிகிரியில் 17 பற்களுக்குக் குறைந்தால் அண்டர்கட் (பல்லின் அடி குடையப்படுவது) வரும். அப்போது புரொஃபைல் ஷிஃப்ட் (பல் வடிவத்தை வெளிப்புறம் நகர்த்தும் அளவு) கணக்கிடாமல் வரைய உட்காராதீர்கள்.

பழைய இயந்திரமாக இருந்தால் வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகுத்துப் பாருங்கள். இந்தப் பினியனின் அசலுக்கு 93.1 மி.மீ.யை 22ஆல் வகுத்தால் 4.23 வருகிறது. வரைந்தவர் அதைத் தேய்மானம் என்று கருதி 4.25 ஆக்கிவிட்டார். அது மாட்யூலே அல்ல, 6 டிபி (டயமெட்ரல் பிட்ச்: பிட்ச் விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்); அங்குலக் கணக்கு. அத்தகைய கியரில் அழுத்தக் கோணம் 14.5 டிகிரியாக இருக்கவும் வாய்ப்புண்டு.

வெட்டக் கொடுக்கும் முன், மாதிரியிலேயே மூன்று பற்களைச் சேர்த்து அளந்து பாருங்கள். மேற்சொன்ன மாட்யூல் 4, 20 பல் கியருக்கு, பேக்லாஷ் (பற்களுக்கிடையே விடும் சிறு இடைவெளி) கழிக்காமல், 30.64 மி.மீ. வர வேண்டும். வெட்டி வந்த பிறகு டிஸ்க் மைக்ரோமீட்டரால் (தட்டு முனை கொண்ட மைக்ரோமீட்டர்) அதே அளவை எடுத்து, ஜோடிக் கியரோடு புளூ (தடம் காட்டும் நீலச் சாயம்) தடவிச் சுற்றித் தடத்தைப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

தோட்டக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உடைந்த பினியனை மட்டும் பையில் போட்டு அனுப்பாமல், அது ஓடிய பெரிய கியரையும் கழற்றி, இரண்டு தண்டுகளின் மைய இடைவெளியை அளந்து ஒரு தாளில் குறித்துக் கூடவே கொடுத்தனுப்புங்கள்.