பசுமைக்குடில்: ஒரு சொல்லும் அதன் கீழ் விற்கப்படும் மூன்று பொருள்களும்

செங்கோட்டைப் பக்கத்து நாற்றுக் கடைகளில் ‘கிரீன்ஹவுஸ் போட வேண்டும்’ என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் பச்சை வலைச் சுருளைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். புளியரையைத் தாண்டிக் கணவாய் ஏறிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போனால், அங்குள்ள விவசாயி அதே கேள்விக்கு ‘மழமற’ என்று சொல்லித் தன் தோட்டத்தைக் காட்டுவார். அங்கே வலை இருக்காது. மேலே கண்ணாடிபோன்ற நெகிழித்தாள் மட்டும் விரிந்திருக்க, நான்கு பக்கமும் திறந்து கிடக்கும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டையில் சொற்கள் இப்படிக் கலந்து புழங்குவதில் வியப்பில்லை. ஆனால் முதன்முதலாக வீட்டுத் தோட்டத்தில் ஒரு குடில் அமைக்க நினைப்பவருக்கு இந்தச் சொற்குழப்பம் பணக்குழப்பமாகவே முடிகிறது.

‘கிரீன்ஹவுஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. அதிலுள்ள ‘கிரீன்’ வீட்டின் நிறத்தைக் குறிப்பதன்று. குளிர்காலத்திலும் இலையுதிராமல் நிற்கும் ஆரஞ்சு, மர்ட்டில் போன்ற செடிகளை அக்காலத்துத் தோட்டக்காரர்கள் ‘பசுமைகள்’ என்றே பெயரிட்டு அழைத்தார்கள். அவற்றைப் பனியிலிருந்து காப்பாற்றி வைத்த கட்டடம் ‘பசுமைகளின் வீடு’ ஆயிற்று. தொடக்கத்தில் அதற்குப் பெரிய சன்னல்கள் இருந்தனவே தவிர, முழுக்கக் கண்ணாடியால் ஆன கூரை பின்னாளில்தான் பரவியது. இங்கிலாந்தில் 1746 முதல் கண்ணாடிக்கு இருந்த வரி 1845இல் நீக்கப்பட்ட பிறகே அது நடுத்தர மக்களின் தோட்டத்திற்கும் இறங்கி வந்தது. உதகை தாவரவியல் பூங்காவில் நாம் பார்க்கும் கண்ணாடி மாளிகை அந்த மரபின் வழிவந்தது. கண்ணாடிக்குப் பதில் நெகிழித்தாளைப் பயன்படுத்தும் வழியை 1948இல் அமெரிக்கக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எம்மர்ட் காட்டினார். பாலித்தீன் தாள் போர்த்திய வீடு என்பதால் அது ‘பாலிஹவுஸ்’ ஆனது.

தமிழில் இதற்குப் பசுமை இல்லம், பசுமைக்குடில், பசுங்குடில், பைங்குடில் என நான்கு வடிவங்கள் வழங்குகின்றன. பசுமையோடு பெயர் சேரும்போது ‘மை’ கெட்டு இனவெழுத்து மிகும் என்பது நன்னூல் வழி. பசுமை+கிளி ‘பசுங்கிளி’ ஆவதும், மேலும் திரிந்து ‘பைங்கிளி’ ஆவதும் அதனால்தான். இவ்வழியில் பார்த்தால் பசுங்குடிலும் பைங்குடிலும் இலக்கணத்திற்கு இனியவை, கேட்கவும் நன்றாயிருக்கின்றன. ஆனாலும் எனக்கு அவற்றில் ஒரு தயக்கம் உண்டு. பசுங்கிளி என்றால் பசுமையான கிளி, அது பண்புத்தொகை. அதே அச்சில் வார்த்த பசுங்குடில் ‘பச்சை நிறக் குடில்’ என்றே பொருள் தரும். பச்சை வலையைக் கட்டிவிட்டு அதைக் கிரீன்ஹவுஸ் என்று விற்பவருக்கு இந்தச் சொல் சாட்சி சொல்லிவிடும்! ‘மை’ கெடாமல் நிற்கும் பசுமைக்குடிலோ, தயிரை உடைய குடத்தைத் தயிர்க்குடம் என்பதுபோல், ‘பசுமையைக் காக்கும் குடில்’ என விரியும். ஆங்கிலச் சொல்லின் உண்மைப் பொருளும் இதுவே. பசுமை என்பது நிறத்தைக் கடந்து பயிரையே குறிக்கும் வழக்கும் நமக்குப் புதிதன்று: களையெடுத்துக் காக்கப்படும் பயிரைத் திருக்குறள் (550) ‘பைங்கூழ்’ என்கிறது.

குடில் என்ற பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடி, குடிசை ஆகியவற்றோடு உறவுடைய அச்சொல் மலையாளத்திலும் ‘குடில்’ என்றே வழங்குகிறது. தெலுங்கின் ‘குடிசெ’யும் அதே குடும்பம். பள்ளிப் பாடநூல்கள் ‘பசுமை இல்ல வாயு’ என்று எழுதிப் பழக்கிவிட்டதால் வானிலை பற்றிய பேச்சில் இல்லம் நிலைத்துவிட்டது. தோட்டத்திற்குக் குடிலே பொருத்தம்.

அந்த வானிலைச் சொல்லால் விளைந்த ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்க வேண்டும். கண்ணாடி வெப்பக்கதிரை வெளியே விடாமல் தடுப்பதால்தான் குடில் சூடாகிறது என்று பலரும் நினைக்கிறோம். அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1909இல் இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை வெப்பக்கதிரைக் கடத்தும் பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதே குடிலின் சூட்டுக்கு முதன்மைக் காரணம். ஆகவே பசுமைக்குடில் என்பதன் சாரம் அடைத்துவைத்த காற்று. குளிர்நாட்டில் அது வரம். தென்காசி மாவட்டத்துச் சித்திரை வெயிலில் அது அடுப்பு.

எனவே, காற்றை அடைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் ஆளும் கட்டமைப்பை மட்டும் பசுமைக்குடில் என்று அழைப்பதே முறை என்பது என் கருத்து. அதை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தாளின் தடிமனை அன்று, திறப்புகளை. 10 அடிக்கு 20 அடி குடிலின் தரைப்பரப்பு 200 சதுர அடி. அதில் ஐந்தில் ஒரு பங்காகிய 40 சதுர அடியாவது காற்றுவழியாக இருக்க வேண்டும், அதிலும் ஒரு பகுதி முகட்டில் அமைய வேண்டும். நம் வெயிலுக்கு இதைவிடக் கூடுதலாக இருந்தாலும் நல்லதே. திறப்புகளை அங்குலத்திற்கு 40 கண் உள்ள பூச்சிவலையால் மூடினால் வெள்ளை ஈ புகாது. தேனீயும் புகாது என்பதைப் பலர் மறந்துவிட்டுப் பீர்க்கையும் பாகலும் பூத்தும் காய்க்கவில்லையே என்று வருந்துகிறார்கள். தாள் 200 மைக்ரான் தடிமனுடையதாகவும், புறஊதாக் கதிரைத் தாங்குமாறு பக்குவப்படுத்தப்பட்டதாகவும் (கடைக்காரர் சொல்லும் ‘யூவி ஷீட்’) இருக்கட்டும். சாதாரணப் பாலித்தீன் ஓராண்டு வெயிலுக்கே நொறுங்கிவிடும்.

பச்சை வலைக்கு உரிய பெயர் நிழல்வலைப் பந்தல். பந்தல் நமக்கு வேற்றுச் சொல்லன்று. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியின் நிழலில் கொடி வளர்த்த ஊர்களுக்கு நிழலை அளந்து கொடுக்கும் கலையும் தெரியும். கடைக்காரர் சொல்லும் ‘50 சதவீத நெட்’ என்பது பாதி ஒளியைத் தடுப்பது. நாற்றுக்கும் கீரைக்கும் அது போதும். தக்காளி, மிளகாய்க்கு 35 சதவீதமே போதும். ஆந்தூரியம் பூச்செடிக்கு 75 சதவீதம் வேண்டும். வலை மழையைத் தடுக்காது, சூட்டைச் சேர்த்தும் வைக்காது. கோடையில் குழித்தட்டில் நாற்று வளர்க்க விரும்பும் வீட்டுத் தோட்டக்காரருக்கு இதுவே முதல் தேவை.

கேரளத்து ‘மழமற’யை மழைமறைப்பு என்று அப்படியே தமிழாக்கிக்கொள்ளலாம், ‘மற’யும் நம் ‘மறை’யும் உடன்பிறப்புகள்தாம். மழை ஓயாத ஆனி, ஆடி மாதங்களில் காய்கறி அழுகாமல் காப்பது அதன் வேலை. கூரைக்கு அதே 200 மைக்ரான் தாள். பக்கங்களில் ஒன்றும் இல்லை. தண்ணீர் தேங்காதபடி நல்ல சரிவு. மழை விழாத நிலத்தில் நீரை நாமே கொடுக்க வேண்டியிருப்பதால் சொட்டுநீர்க் குழாயை முதல்நாளே பதித்துவிடுவது நலம். குற்றாலச் சாரல் அடிக்கும் செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு நீளப்பக்கத்தைக் காட்டாமல் குறுகிய பக்கத்தைக் காட்டி, இரும்புக் குழாய்க் கால்களை ஒன்றரை அடி ஆழத்தில் காங்கிரீட் இட்டு நட்டால், சாரல் பருவத்துக் காற்றில் கூரை பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் விழாது.

கடையில் கேட்கும்போது ‘மழைமறைப்பு’ என்றால் இன்று எல்லோருக்கும் விளங்காமல் போகலாம்; ‘பக்கம் திறந்த, மேலே மட்டும் யூவி ஷீட்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும், வலைச் சுருளை எடுக்கப் போன கை தாள் சுருளுக்குத் திரும்பிவிடும்.