அலைன்மென்ட்: நூல் பிடித்தலும் கோட்டம் எடுத்தலும்

குன்னூர் மலைப்பாதையில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சொல்லைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தால் "அலைன்மென்ட் பாத்துடுங்கண்ணே" என்று டயர் கடையில் நிறுத்துவார்கள். ஊட்டிப் பக்கம் உரிமத்தோடு ரைஃபிள் வைத்துக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி எடுப்பவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். குறிபார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மாட்டியபின் குண்டு குறியை விட்டு விலகிப் போனால் "அலைன்மென்ட் போயிடுச்சு".

இதற்குத் தமிழில் என்ன? சீரமைப்பு, ஒழுங்கமைவு, நேர்ப்படுத்தல் என்று பல சொற்கள் புழங்குகின்றன. சீரமைப்பை நான் முதலிலேயே தள்ளிவிடுவேன். மழையில் சரிந்த சாலையைச் செப்பனிடுவதற்கு அந்தச் சொல் போய்விட்டது. ஒழுங்கமைவு எதற்கும் பொருந்தும், அதனாலேயே இதற்குப் போதாது. நேர்ப்படுத்தல் பரவாயில்லை. ஆனால் அதைவிட நல்லது பட்டறையில் கிடக்கிறது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் லீனும் என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் லீனியா. நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பது நேர்க்கோடு என்பதால் லீனியா கோட்டுக்கும் பெயரானது. ஆங்கிலத்தின் லைன் அங்கிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'கோட்டுக்குக் கொண்டுவா' என்ற பொருளில் அலீன்யே என்றார்கள். அதுவே ஆங்கிலத்தில் அலைன், பிறகு அலைன்மென்ட். இதற்கு ஒரு பங்காளியும் உண்டு: கொலிமேஷன், அதாவது கருவியின் பார்வைக்கோட்டைச் சரியாக நிறுத்துவது. 'ஒரே கோட்டில் நிறுத்து' என்னும் கொலினியாரே என்ற லத்தீன் வினையைப் பழைய பிரதியில் யாரோ கொலிமாரே என்று தப்பாகப் படித்துவிட்டார்கள். அந்தப் பிழையே வானியலிலும் நில அளவையிலும் நிலைத்துவிட்டது. கோணலை நீக்குவதற்கான சொல்லே கோணலாகப் பிறந்திருக்கிறது.

நம் கொத்தனார் இரண்டு முளைக்கு நடுவே நூலைக் கட்டிச் சுவர் எழுப்புவதற்கு என்ன பெயர்? நூல் பிடித்தல். 'நூல் பிடிச்ச மாதிரி' என்று ஊரே சொல்கிறது. லீனியாவுக்கு நேர்நிகரான சொல் நம் வாயிலேயே இருக்கிறது. அதன் எதிர்ப்பக்கம் கோட்டம். தச்சனின் நூல் மரத்தின் கோட்டத்தைத் தீர்ப்பதுபோல ஏட்டு நூல் மனக்கோட்டத்தைத் தீர்க்கும் என்று நன்னூல் சொல்லும் கோட்டம்தான் இது. சைக்கிள் கடையில் ஸ்போக்கை முடுக்கி 'வீல் கோட்டம் எடுப்பதும்' இதுவே. (வனக்கோட்டம், கோட்டாட்சியர் எல்லாம் வேறு கணக்கு.)

இந்தச் சொற்களை ஸ்கோப்பில் பொருத்திப் பாருங்கள். முதலில் ரைஃபிளின் குண்டு அறை காலி, குண்டுகளை அடுக்கும் மேகசின் கழற்றியாயிற்று என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் எந்த வேலையும்.

ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு ரிங்குக்கும் இடையே 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று 0.1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், 100 மீட்டரில் பார்வைக்கோடு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். இங்கே நடப்பதோ நூலில் முப்பதில் ஒரு பங்கு, மயிரிழை சமாச்சாரம். இந்தக் கோட்டத்தை, ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழான டரட்டைத் திருகித் திருகிச் சரிக்கட்டலாம்தான், ஆனால் டரட் ஒரு கோடிக்குப் போய் நின்றுவிடும், அதற்குமேல் திருப்ப இடம் இருக்காது. அப்புறம் ரிங் இரண்டும் ஒரே அச்சில் இல்லையென்றால் ஸ்கோப்பின் குழாயே முறுக்கிக்கொள்ளும். எனவே ரிங்குகள் உட்காரும் அடிப்பட்டையான பேஸைக் கழற்றித் துடைத்து, அடியில் தூசியோ பெயின்ட் கட்டியோ இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி உட்காரவைப்பதுதான் உண்மையான கோட்டம் எடுத்தல்.

இன்னொரு கோட்டம் சாய்வு. ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கிழையின் செங்குத்துக் கம்பி ஒருபுறம் சாய்ந்திருப்பது. சமவெளியில் தொடுவானம் கண்ணுக்குத் துணை நிற்கும். நீலகிரியில் தேயிலை வரிசை சரிவு, வேலி சரிவு, எதிர்மேடும் சரிவு. எது மட்டம் என்று கண் ஏமாந்துவிடும். 3 டிகிரி சாய்ந்த ஸ்கோப்பில் தூரக்குறிக்காக 100 சென்டிமீட்டர் ஏற்றம் வைத்தால், குண்டு 5 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். பரிகாரம் எளிது. எதிரே ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரைஃபிளை ரசமட்டம் வைத்து நிறுத்தி, செங்குத்துக் கம்பியை அந்த நூலோடு பொருத்துங்கள். நூல் பிடித்தல் இங்கே உவமை இல்லை, கையில் பிடிக்கிற நூலேதான். பிறகு ஸ்க்ரூக்களை இருபுறமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் ஸ்கோப் உருண்டு, எடுத்த கோட்டம் திரும்ப வந்துவிடும்.

கொலிமேஷனை 'இணையாக்கம்' என்று எழுதுவது பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நிலை இயற்பியலில் நிறமாலைமானியின் இணையாக்கி சரியான சொல். அது ஒளிக்கதிர்களை இணையாக்கித்தான் அனுப்புகிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கிக்கும் இணை என்பது அழகாகப் பொருந்தும். 530 மீட்டர் நீளமுள்ள அதை, ஊரின் அட்சரேகைக்கு ஈடாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடத்தி, அதன் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கியிருக்கிறார்கள். ரைஃபிளில் அப்படி இல்லை. குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கும் ஸ்கோப்பின் பார்வைக்கோடு, குண்டின் பாதையைக் குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கவேண்டும். இரண்டும் இணையாகவே போனால் சந்திப்பு ஏது? ஆகவே இங்கே இணையாக்கம் வேண்டாம், நேர்ப்படுத்தல் என்றே எழுதலாம்.

குறி தப்பினால் எல்லாமே கோட்டம் என்றும் சொல்லிவிடக்கூடாது. மேட்டுப்பாளையத்தில் சரிபார்த்த ரைஃபிளை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குக் கொண்டுவந்தால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. 50 மீட்டரில் வித்தியாசம் தெரியாது. 300 மீட்டரில் குண்டு சற்று மேலே படும். அது காற்றின் வேலை. டரட்டில் ஓரிரு கிளிக் இறக்கினால் போதும், ரிங் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.