ராசோன் சொல்லும் பிள்ளைக்கு ரசம்

மொரீசியஸில் தமிழ் படிக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை "மழை வருகிறது" என்று தடங்கலில்லாமல் வாசித்துவிடும். என்ன வருகிறது என்று கேட்டால் விழிக்கும். இதில் பிள்ளையின் குறை எதுவும் இல்லை, கணக்குதான் அப்படி.

வாசித்துப் புரிந்துகொள்வதை ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். மதுரைப் பிள்ளை இரண்டாவது திறனைப் பள்ளிக்குப் போகும் முன்பே சேர்த்து வைத்திருக்கும். மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். தமிழ் காதில் விழும் நேரம் கொஞ்சம்தான்.

ஆனாலும் அந்தக் காது காலியாக இல்லை, அடுக்களைச் சொற்கள் அதில் இருக்கின்றன. கிரியோலில் கொத்தமல்லி 'கொத்தொமிலி', கறிவேப்பிலை 'கரிப்புலே', முருங்கைக் கீரை 'பிரெத் முரூம்', ரசம் 'ராசோன்'. கீரையைக் குறிக்கும் 'பிரெத்' தவிர எல்லாம் தமிழிலிருந்து போனவை. எழுத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வாரம் சமைக்கும்போது இரண்டு வடிவத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "கொத்தொமிலி, கொத்தமல்லி." பிறகு அச்சில் அந்தச் சொல்லைக் கூட்டிப் படிக்கும்போது ஒலி போய்ச் சேர ஓர் இடம் இருக்கும்.

247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைத்துப்போகிறார்கள். 216 உயிர்மெய்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரும்பாலானவை மெய்யும் குறியும் சேர்ந்தவை. ர, ச, ம, ப, ட, கூடவே புள்ளி: இவ்வளவில் ரசம், மரம், படம், பட்டம் வந்துவிடும். ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கலாம். அடுத்தது கால். அப்போது மாமா, பாட்டி போன்ற உறவுச் சொற்களுக்குப் பாதி வழி வந்தாயிற்று. வாரத்துக்கு இரண்டு புது எழுத்து, நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் முட்டுக்கட்டை புள்ளி எழுத்தில் வரும். மெய்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் இக், இங், இம். அந்தப் பெயரோடு கற்ற பிள்ளை படத்தை "பட-இம்" என்று கூட்டும். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்குப் 'படம்' காதில் இருப்பதால் தானே திருத்திக்கொள்ளும். இங்கே திருத்த ஆள் உள்ளே இல்லை. ஆகவே 'இம்' வேண்டாம். உதட்டை மூடி "ம்ம்ம்" என்று இழுத்துக் காட்டுங்கள். ட், க் போன்றவற்றை இழுக்க முடியாது; "பட்...டம்" என்று நடுவில் மூச்சை நிறுத்திக் காட்ட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பள்ளியிலிருந்து வருவது. ரோமன் எழுத்தில் 'ப' ஒலியின் வல்லோசைக்கு ஓர் எழுத்து (p), மெல்லோசைக்கு வேறெழுத்து (b) என்று பழகிய பிள்ளைக்கு, தமிழில் ஒரே எழுத்து ஒலியை மாற்றிக்கொண்டு ஆளை ஏமாற்றுவது போலத் தோன்றும். விதியை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது: ஒற்று இரட்டித்தால் வலிக்கும், மூக்கொலிக்குப் பின் குழையும், உயிர்களுக்கு நடுவிலும் மெலியும். ச எழுத்துக்கு மூன்று சாட்சிகளும் அடுக்களையிலேயே உண்டு: பச்சை மிளகாய், மஞ்சள், ரசம். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்ல வையுங்கள்.

ல, ள, ழ பற்றி இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டாம். உச்சரிப்பைத் திருத்த ஆரம்பித்தால் வாசிப்பு நின்றுபோகும்.

கொம்புதான் உண்மையான வில்லங்கம். கண் இடமிருந்து வலமாகப் போகிறது. 'கெ'யில் முதலில் படுவது கொம்பு, ஒலிப்பதோ ககரம். பிள்ளை "எ-க" என்று படித்தால் அது எழுத்தைக் கண்ணுக்குப் பட்ட வரிசையில் நேர்மையாகப் படிக்கிறது என்று அர்த்தம். ஓர் அட்டையில் க எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஃபைல் உறையிலிருந்து ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கை வெட்டி, அதில் கொம்பை மட்டும் வரைந்து மேலே வைத்து எடுங்கள்: க, கெ, க, கெ. பிறகு வலப்பக்கம் காலையும் சேர்த்தால் கொ. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது கையில் பிடிபடும்.

இந்த வித்தை உகரத்தில் பலிக்காது. அங்கே எழுத்தே உருமாறுகிறது, அதுவும் மூன்று விதமாக: கு, டு, மு, ரு, ழு, ளு கீழே வளைந்து சுற்றும்; ஙு, சு, பு, யு, வு கீழே இறங்கும்; ஞு, ணு, து, நு, லு, று, னு மடங்கி மேலேறும். அகரவரிசையில் இவை கலந்து வருவதால்தான் பிள்ளை குழம்புகிறது. குடும்பம் குடும்பமாகக் கொடுங்கள்.

தாத்தா வைத்திருக்கும் பழைய தேவாரப் புத்தகத்தைப் பாடமாக எடுக்காதீர்கள். 1978-ல் தமிழ்நாட்டில் ணை, லை, றா முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்திய அச்சில் அவை வேறு உருவத்தில் இருக்கும். பாட்டு வரிக்குக் கீழே ரோமன் எழுத்து அச்சிட்ட தாளையும் தவிருங்கள், அல்லது அந்த வரியைக் காகிதத்தால் மூடுங்கள். எளிய வழி கிடைத்தால் கண் அங்கேதான் போகும்.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே நல்ல அச்சு இருக்கிறது: மொரீசியஸ் ரூபாய் நோட்டு. ஆங்கிலம், தமிழ், இந்தி மூன்றிலும் தொகை அச்சாகியிருக்கும். (1998-ல் தமிழையும் இந்தியையும் இடம் மாற்றி அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.) நோட்டில் 'ரூபாய்' எங்கே என்று கேளுங்கள். கண்டுபிடித்தால், 'ரூ'வுக்குள் ரசத்தின் ரகரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அடுத்த கேள்வி. திணறினால் உகர, ஊகாரக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.