ட்ரம்ஸ் வாசிப்பவனின் இடது காது

காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பது என் தொழில். இலங்கை மலையகத்தின் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வருபவர்களில் பலர் தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் இயந்திரங்களுக்கு அருகே ஆண்டுக்கணக்கில் நின்றவர்கள். கடந்த வருடம் வந்த ஓர் இளைஞனுக்கு வயது இருபத்திரண்டுதான். கூடவே மூன்று நண்பர்கள் வந்திருந்தார்கள். நால்வரும் பங்க் என்னும் வேகமான, முரட்டு ராக் இசையும், அதிலிருந்து கிளைத்து உணர்ச்சியைக் கொட்டும் எமோ இசையும் வாசிக்கும் குழு. தங்கள் முதல் ஆல்பத்தை எவர் பணமும் இல்லாமல் தாங்களே பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். ட்ரம்ஸ் வாசிப்பவனின் இடது காதில் மூன்று வாரமாக ஓயாத இரைச்சல். அம்மா "காசு" என்று சொன்னால் அவனுக்குக் "காது" என்று கேட்கிறதாம். வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தப் பாதிப்பு இருப்பது உட்காதில். எண்ணெய் அங்கே போய்ச் சேராது.

பரிசோதனை வரைபடத்தில், கூர்மையான ஒலிகளுக்குரிய 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு கீழே இறங்கி மறுபடி ஏறியிருந்தது; கோடு இறங்கும் இடத்தில் கேட்கும் திறன் குறைவு. இடது பக்கப் பள்ளம் ஆழமானது. ட்ரம்ஸில் ஹை-ஹாட் எனப்படும் ஜோடி உலோகத் தட்டுகள் இருப்பது அந்தப் பக்கம்தான். ரோலர் அறையில் வேலை செய்தவர்களின் வரைபடத்திலும் இதே இடத்தில்தான் பள்ளம் விழும். ஆனால் அதை நான் ஐம்பது வயதுக்காரர்களிடம்தான் பார்த்துப் பழகியிருந்தேன்.

"சத்தத்தைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அதனால் பயன் இல்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். எனவே, ஆல்பத்தை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அதுவரை தலைகுனிந்திருந்த நால்வரும் ஒருவரையொருவர் இடைமறித்துப் பேசத் தொடங்கினார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஆளில்லாத ஓர் அறை, ஒரு லயக் காம்பராதான் அவர்களின் ஸ்டூடியோ. தகரக் கூரை, சிமெந்துத் தரை. குளிருக்காக ஜன்னலையும் கதவையும் மூடிவிடுகிறார்கள். ட்ரம்ஸுக்கு நான்கு மைக். கிட்டாரும் பேஸும் கம்பி வழியாக நேரே மடிக்கணினிக்குள். ஒவ்வொருவரும் தன் பங்கைத் தனித்தனியாக வாசித்து அடுக்குகிறார்கள். கிட்டார் வாசிப்பவனுக்கு இந்த முறை பிடிக்கவில்லை. அமெரிக்க பங்க் குழுவான ரமோன்ஸ் 1976இல் தங்கள் முதல் ஆல்பத்தைச் சில நாட்களில், சுமார் 6,400 டொலர் செலவில் முடித்தது. நாமும் நால்வராக நின்று ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்றான். எமோவில் கிட்டார்களின் நுணுக்கமான பின்னல் அப்படிச் செய்தால் கலங்கிவிடும் என்றான் பேஸ் வாசிப்பவன். நல்ல வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

நான் தேடிய விடை அந்த வாதத்துக்குள்தான் கிடந்தது. தனித்தனியாகப் பதிவதென்றால் ட்ரம்ஸ்காரன் தாள வேகத்தைக் காட்டும் "கிளிக்" ஒலியை ஹெட்போனில் கேட்டபடி வாசிக்க வேண்டும். மூடிய சிறு அறையில் ட்ரம்ஸின் ஓசை 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு மேல் கிளிக் கேட்க வேண்டுமானால் அதை இன்னும் உரக்க வைக்க வேண்டும். வெளியிலிருந்து ட்ரம்ஸ், உள்ளிருந்து கிளிக் என்று காதுக்கு இரட்டை அடி.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணிநேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணிநேரம், 91இல் 2, 94இல் 1. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். இவர்கள் ஒரே இருப்பில் மூன்று மணிநேரம் வாசிக்கிறார்கள். உட்காதின் நத்தைக் கூட்டில் ஒலியை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பிறக்கும்போது உள்ளவை அவ்வளவுதான். அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

சுவரில் கம்பளி தொங்கவிட்டிருக்கிறோமே என்றான் பாடுபவன். கம்பளி அறையின் எதிரொலியை, அதிலும் கூர்மையான ஒலிகளைத்தான் கொஞ்சம் உறிஞ்சும். பதிவு தெளிவாக அது உதவும். தட்டிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஓசையை அது தடுக்காது. முட்டை அட்டையும் அப்படித்தான்.

அவர்களை உண்மையில் அசைத்தது வேறொரு விடயம். பகலெல்லாம் வாசித்துவிட்டு அன்றிரவே ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, தனித்தனியாகப் பதிந்தவற்றின் ஒலியளவைச் சரிசெய்து ஒன்றாக்கும் கலவை வேலையைச் செய்வது அவர்கள் வழக்கம். பெருஞ்சத்தத்தில் களைத்த காது கூர்மையான ஒலிகளைத் தற்காலிகமாகத் தவறவிடும். அது தெரியாமல் அவற்றைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். காலையில் கேட்டால் பாட்டு காதைக் கிழிக்கும். "எங்கள் மூன்று பாட்டும் அப்படித்தான் கெட்டுப்போயின, மிஸ்" என்று நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காதைக் காப்பது ஆல்பத்துக்கு வெளியே இருக்கும் சுகாதாரப் பாடம் அல்ல. பதிவு வேலையின் ஒரு பகுதியே அதுதான். அன்று அவர்களுக்கு அது புரிந்தது.

ஆகவே, வேலையின் ஒழுங்கை மாற்றச் சொன்னேன். ட்ரம்ஸ் பதியும் நாளில் கலவை வேண்டாம். ஓர் இரவு தூங்கி எழுந்து, பக்கத்தில் இருப்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில் ஒலியை வைத்துக் கலவை செய்யுங்கள். கிளிக்கைக் காதுக்குள் பொருந்தும் இயர்போனில் கேட்டு, அதன்மேல் தொழிற்சாலைகளில் அணியும் காதுக்கவசத்தை மாட்டினால் வெளியோசை வெகுவாகக் குறையும். கிளிக்கையும் மெதுவாகவே வைக்கலாம்.

பஞ்சு போதாது. நுரையாலான காதடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். நுரை அடைப்பான் கூர்மையான ஒலிகளை அதிகமாக வெட்டுவதால் இசை மந்தமாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும் அடைப்பான்கள் இருக்கின்றன. ட்ரம்ஸுக்கு ஒரு புதிய சிம்பல் தட்டு வாங்கச் சேர்க்கும் பணத்தில் முதலில் இதை வாங்குங்கள் என்பதே என் கருத்து.

காதைப் பொத்திக்கொண்டு பங்க் வாசிப்பது வெட்கம் என்று நினைத்தான் ட்ரம்ஸ்காரன். ஆனால் பங்க் கலைஞர்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். பொஸ்டனின் மிஷன் ஒஃப் பர்மா குழு, கிட்டார் வாசித்த ரோஜர் மில்லரின் காதிரைச்சல் காரணமாகவே 1983இல் கலைந்தது. மறுபடி சேர்ந்தது 2002இல். பங்க் குழுவொன்றில் பேஸ் வாசித்த கேத்தி பெக், மேடைச் சத்தத்தால் தன் கேட்கும் திறன் கெட்ட பிறகு, 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் ராக் கலைஞர்களின் காதுகளுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். எதையும் தாமே செய்துகொள்வது பங்க் கலைஞர்களின் வழக்கம். இதையும் அவர்களே செய்திருக்கிறார்கள்.

வாசித்த பிறகு எழும் இரைச்சல் மறுநாளும் அடங்காவிட்டால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே வைத்தியரிடம் போங்கள். சளி, காதழுக்கு என்று காத்திருக்காதீர்கள்; அதற்கான ஸ்டீரொய்ட் சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

நான்கு மாதம் கழித்து ட்ரம்ஸ்காரன் மறுபரிசோதனைக்கு வந்தான். பள்ளம் மூடவில்லை, ஆழமாகவும் இல்லை. இரைச்சல் இருக்கிறது, ஆனால் தூங்க முடிகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டினான். ட்ரம்ஸே இல்லை, ஒரு கிட்டாரும் அவன் தாத்தா அடித்த தப்பு என்னும் பறையும் மட்டும். மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு ஐம்பது வருடமாகத் தப்பு அடிப்பவராம். மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாராம்.

அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.